எந்த ஊருக்கும் போகாத கப்பல்

காவிரிக் கரைப் பெண்களுக்குக் கப்பல் என்றால் பிரிவுதான். என் பாட்டி லால்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தவள். "கப்பலேறிப் போயிட்டாங்க" என்று அவள் ஆரம்பித்தால், தாத்தா மலாயாவில் இருந்த காலத்தைப் பற்றிப் பேசப் போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று எல்லாச் சீமைகளிலிருந்தும் ஆண்கள் நாகப்பட்டினம் போய், அங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறினார்கள். 'ரஜூலா' என்ற பெயரைப் பாட்டி ஒரு மனுஷியின் பெயரைப்போலச் சொல்வாள். கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926-ல் வந்த கப்பல் அது. எழுபதுகளின் தொடக்கம்வரை ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போகும் டெக் பயணிகள் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்த காலமும் உண்டு. அதன் பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது. 1985-ல் அது தீப்பிடித்ததோடு அந்தத் தடத்தில் பயணிகள் கப்பலின் காலம் முடிந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனபோது பாட்டிக்கு வந்துகொண்டிருந்த கடிதம் நின்றது. மணியார்டரும் நின்றது. சண்டை முடிகிறவரைக்கும் தாத்தா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே தாலிக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். பிறகு அவர் வந்தார். வாசலில் வந்து நின்ற காட்சியைச் சொல்லச் சொல்லி நாங்கள் நச்சரிப்போம். அவள் சொன்னது வேறு. "வந்த மனுசனுக்கு ரசத்துல புளி தூக்கலா இருக்கணுமா, கம்மியா இருக்கணுமான்னு எனக்கு மறந்துபோச்சு. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு." அந்த வயதில் எங்களுக்கு அது புரியவில்லை. புருஷன் உயிரோடு திரும்பியிருக்கும்போது ரசம் என்ன ரசம் என்று தோன்றியது.

பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு சூத்திரம் உண்டு. பெண்ணை உடன் அழைத்துக்கொண்டு கடலில் போகும் வழக்கம் இல்லை என்று அது சொல்கிறது. பொருள் தேடப் போகிறவன் காட்டு வழியாகவும் போகலாம், கடல் வழியாகவும் போகலாம். எந்த வழியில் போனாலும் மனைவி வீட்டிலிருந்து நாள் எண்ணுவாள். இதுதான் நம் அகப்பாடல்களின் உலகம். அந்தச் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டியின் காலம்வரை வந்துவிடலாம். இரண்டாயிரம் வருஷத்தில் கப்பல் மாறியது, பாய்மரம் போய் நீராவி வந்தது, கரையில் நிற்கிறவள் மாறவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒருத்தி, கணவனோடு சேர்ந்திருப்பதற்கென்றே கப்பல் ஏறுகிறாள் என்றால், அதைப் பணக்கார வீட்டுப் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்துவிட என்னால் முடியவில்லை.

என் கணவருக்கு அறுபது நிறைந்தது. எல்லோரையும்போலத் திருக்கடையூர் என்றுதான் பேச்சு எழுந்தது. அபிராமி சன்னிதியில் மணிவிழா, கலசம், மாலை மாற்றுதல், சாப்பாடு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அங்கே எந்த நாள் போனாலும் வயதான ஜோடிகள் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் மனம் நிறையும். என் மகள்தான் வேறு மாதிரி கேட்டாள். "அம்மா, திருக்கடையூர்ல நம்ம ஜனமே நூறு பேர் இருப்பாங்க. நீங்களும் அப்பாவும் மட்டும் எங்கயாவது போயிருக்கீங்களா?"

யோசித்துப் பார்த்தோம். குலதெய்வக் கோயில், கல்யாணம், துக்கம், ஆஸ்பத்திரி, பிரசவம், ராமேஸ்வரம், திருப்பதி. எதிலும் இரண்டு பேர் மட்டும் இல்லை. அத்தை இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள், நாத்தனார் குடும்பம் இருந்தது. புதிதாகக் கல்யாணமானபோது முக்கொம்பு போனதுகூடக் கொழுந்தனையும் கூட்டிக்கொண்டுதான். ஆக, மணிவிழாவைச் சின்னதாகத் திருக்கடையூரில் முடித்துக்கொண்டு, கப்பலுக்குப் பிள்ளைகள் டிக்கெட் எடுத்தார்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "போற ஊர் எது?"

"ஊருக்கெல்லாம் போகாதாம். நடுக்கடல் வரைக்கும் போயிட்டுச் சென்னைக்கே திரும்பிடுமாம்."

"அப்புறம் எதுக்குப் போகணும்?"

என்னிடம் அப்போது பதில் இல்லை. நாம் காரணம் இல்லாமல் வாசல் தாண்டாத ஜனங்கள். கோயிலுக்குப் போவதற்கு வேண்டுதல் இருக்கும், ஊருக்குப் போவதற்கு விசேஷம் இருக்கும். சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கும், அங்கே பிள்ளை இருக்கிறான், பேரன் பிறந்திருக்கிறான் என்று ஒரு காரியம் உண்டு. திருச்சி விமான நிலையத்தில் அந்த மாதிரிப் பெற்றோர்களை ஊறுகாய் டப்பாவோடு தினமும் பார்க்கலாம். பிள்ளைகள் அவர்களைச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களில் கூட்டிப்போவதும் இப்போது சகஜமாகிவிட்டது. அங்கேயும் குடும்பம் கூடவே போகிறது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் 2022 ஜூனில் ஓடத் தொடங்கியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து வைத்தார். விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவருகிற பயணம் ஒன்று. எங்கேயும் நிற்காமல் இரண்டு இரவு கடலில் கழித்துவிட்டுத் திரும்பும் பயணம் இன்னொன்று. சூதாட்டக்கூடம் உள்ள கப்பலை உள்ளே விடக்கூடாது என்று புதுச்சேரியில் அந்த முதல் மாதமே எதிர்ப்பு எழுந்தது. அடுத்த வருஷம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைப் பக்கமும் போனது.

இந்தக் கப்பலின் பூர்வீகத்தைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடித்தது. பிரான்சில் சான் நசேர் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1990-ல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் அமெரிக்கப் பக்கம் ஓடத் தொடங்கியது. மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூன்று நாள், நான்கு நாள் போய்வருவதற்கென்றே திட்டமிடப்பட்ட கப்பல். மாதக்கணக்கில் உலகம் சுற்ற வசதியும் அவகாசமும் உள்ளவர்களை விட்டுவிட்டு, வாரக்கடைசி மட்டுமே கையிலிருக்கிறவர்களை நினைத்து அதைக் கட்டியிருக்கிறார்கள். வேலையிலிருந்து பிய்த்துக்கொண்டு கொஞ்ச நேரமாவது ஒன்றாக இருக்கவேண்டும் என்ற தவிப்பு மியாமிக்காரனுக்கும் ஸ்ரீரங்கத்துக்காரிக்கும் ஒன்றுதான்போலிருக்கிறது. பதினோரு தளம், 796 அறைகள், 211 மீட்டர் நீளம். எங்கள் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதுபோல மூன்றைப் படுக்கவைத்தால் ஏறக்குறைய அந்த நீளம் வரும்.

ஆடிப்பெருக்கு முடிந்த சமயம். அம்மா மண்டபத்துக்கு நம்பெருமாள் எழுந்தருளி, காவிரித் தாயாருக்கு யானை மேல் சீர்வரிசை போன தடம் இன்னும் அழியவில்லை. அத்தைக்குத் துணையாக நாத்தனார் வந்துவிட்டார். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பல்லவன் ஏறி, கொள்ளிடம் பாலம் தாண்டும்போதே நான் வீட்டுக்குப் போன் போட்டேன். மாத்திரை டப்பாவில் எது ராத்திரிக்கு, எது காலைக்கு என்று மறுபடி சொன்னேன். விழுப்புரத்தில் மறுபடி. துறைமுகத்தில் பெட்டிக்குச் சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்டு, ஆதார் பார்த்து, சோதனை முடித்து, அறைச் சாவியாக ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அறை சின்னது, ஆனால் கச்சிதம். கப்பல் கிளம்பும்முன் உயிர்காப்புப் பயிற்சிக்கு எல்லோரையும் கூட்டினார்கள்.

கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் சிக்னல் போயிற்று. காசு கட்டினால் வைஃபை உண்டு. நாங்கள் கட்டவில்லை. ஏழாவது நிமிஷமோ எட்டாவது நிமிஷமோ, எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும். அவர் திருவெறும்பூர் பெல் ஆலையில் வாழ்நாள் முழுக்க ஷிஃப்ட் பார்த்தவர். நைட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நாளின் மொத்தப் பேச்சும் முடிந்துவிடும். பால்காரர் பாக்கி, சின்னவனுக்குக் காய்ச்சல், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி, தங்கைக்குச் சீர். முப்பது வருஷத்துக்கு மேல் நாங்கள் நிறையப் பேசியிருக்கிறோம், சண்டை போடாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஆனால் அந்தப் பேச்சில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லோரும் இருந்தார்கள். போன் அடங்கி, யாருக்கும் எதுவும் செய்யவேண்டியதில்லை என்று ஆனதும் பேச்சின் சரக்கே தீர்ந்துவிட்டது. பாட்டி ரசத்தைப் பற்றிச் சொன்னது எனக்குக் கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் விளங்கியது. அவளுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் வங்காள விரிகுடா இருந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு கூடமும் ஒரு அடுப்படியும்தான் இருந்தன.

சாப்பாட்டுக் கூடத்தில் அவரவர் தட்டில் அவரவர் எடுத்துக்கொள்ளும் முறை. பரிமாற எனக்கு வேலை இல்லை. அவர் என்ன எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சாதத்தைத் தொடவில்லை. காய்களை மட்டும், எண்ணெயில்லாமல் வேகவைத்ததை, நிறைய எடுத்துக்கொண்டார். "இது பிடிக்குமா உங்களுக்கு?" என்றேன். "கேன்டீன்ல இப்படித்தான் சாப்பிடுவேன்" என்றார். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ அவ்வளவு செஞ்சு வெச்சிருப்பே, எப்படிச் சொல்றது" என்றார். இரண்டு பேருமே ஒருவரையொருவர் நோகடிக்கக்கூடாது என்று இருந்து, ஒருவருக்கொருவர் தெரியாமல் போயிருக்கிறோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நான் நினைக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு மேல்தளத்தில் வெளிச்சம் குறைவான ஓரம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். பாட்டுச் சத்தம் அந்தப் பக்கம் அவ்வளவாக எட்டவில்லை. மேகம் விலகியிருந்தது. அவர் தெற்கே கையைக் காட்டி, "அந்தச் செவப்பு, கேட்டை" என்றார். வடமேற்கே திரும்பி சப்தரிஷி மண்டலத்தை ஒவ்வொன்றாகக் காட்டினார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இவர் வானத்தைப் பார்த்து நான் பார்த்ததே கிடையாது. "நைட் ஷிஃப்ட்ல டீ குடிக்க வெளிய வருவோம்ல, அப்பப் பழகினது. கூட வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் சொல்லித் தந்தார்." வசிஷ்டரைக் காட்டி, அதை ஒட்டி மங்கலாக ஒன்று தெரிகிறதா, அதுதான் அருந்ததி என்றார். நம் கல்யாணங்களில் அம்மி மிதித்ததும் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பட்டப்பகலில், பந்தலுக்கு வெளியே கூட்டிப்போய், விரலை உயர்த்தி, "தெரியுதா" என்பார்கள், "தெரியுது" என்போம். எண்பது ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிற அந்த இரண்டு நட்சத்திரங்களை நான் உண்மையாகப் பார்த்தது அந்த ராத்திரியில்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், தெரிந்தது. இவர் வருஷக்கணக்காகத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம் சண்டை வந்தது. பழைய விஷயம். ஒரு காலத்தில் எனக்குத் தலைமையாசிரியர் பதவி உயர்வு வந்தது, வெளியூரில். பிள்ளைகள் சின்னவர்கள், மாமனார் படுக்கையில். வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அந்த ஆற்றாமை உள்ளேயே கிடந்தது. கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. வீடாக இருந்தால் இவர் பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கக் கிளம்பியிருப்பார். நானும் குக்கர் விசிலுக்கு எழுந்து போயிருப்பேன். அங்கே எழுந்து போக இடமில்லை. நெடுநேரம் கழித்துச் சொன்னார், அந்த ஆர்டர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை என்று. "நீ வேண்டாம்னு எழுதிக் கொடுத்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் அதைப் பத்திப் பேசவே இல்ல." எனக்கு அழுகை வந்தது. கோபம் போய்விட்டதா என்றால் முழுசாகப் போகவில்லை. ஆனால் அது என்னிடம் மட்டும் இருந்த விஷயம் இல்லை, அவரும் இத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார் என்று தெரிந்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவளுக்கு இந்த இடத்தில் பங்குனி உத்திரம் நினைவுக்கு வராமல் இருக்காது. பெரிய கோயிலில் பெருமாளும் தாயாரும் ஒரே மதிலுக்குள்தான் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கு ஒரு சன்னிதி, அவளுக்கு ஒரு சன்னிதி. ரங்கநாயகித் தாயார் படிதாண்டாதவள். கோயிலை விட்டு வெளியே எழுந்தருளுவதில்லை. நம்பெருமாளுக்கோ வருஷம் முழுக்க உற்சவம், புறப்பாடு, ஆற்றங்கரை, மண்டகப்படி. இரண்டு பேரும் ஒரே ஆசனத்தில் சேர்ந்து சேவை சாதிப்பது வருஷத்தில் ஒரே நாள், பங்குனி உத்திரத்தன்று.

அந்த நாளும் சுலபமாக வருவதில்லை. அதே உற்சவத்தின் ஆறாம் திருநாளில் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி கண்டருளுகிறார். உத்திரத்தன்று தாயார் சன்னிதிக்கு வந்தால் கதவு சாத்தப்படுகிறது. வந்தவர் மேல் பூப்பந்தும் பழமும் பறக்கின்றன. இந்தப் பிரணய கலகத்தை ஸ்ரீரங்கத்தில் மட்டையடி என்போம். அவர் பேச்சு, அவள் மறுபேச்சு என்று கேள்வியும் பதிலுமாக நடக்கிறது. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைத்த பிறகுதான் சேர்த்தி. அன்று ராத்திரி பதினெட்டுத் திருமஞ்சனம். ராமானுஜர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தது இந்தச் சேர்த்தியின் முன்னால்தான் என்பது சம்பிரதாயம். இரண்டு பேரும் சேர்ந்திருக்கும் நேரத்தில் கேட்டால் கிடைக்காதது இல்லை என்று அவர் கருதியிருக்கிறார்.

சின்ன வயதிலிருந்து அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். பூப்பந்து விழும்போது எல்லோரோடும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒரே வளாகத்தில் வாழ்வது சேர்ந்திருப்பதாகிவிடாது என்று இந்த உற்சவத்தை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சேர்ந்திருக்க ஒரு நாள் குறிக்கவேண்டும், ஒரு மண்டபம் வேண்டும். மனத்தாங்கலைச் சொல்லிவிட அந்த நாளிலேயே இடம் வைக்கவேண்டும், அதன் பிறகுதான் ஆசனத்தில் உட்காரவேண்டும். பெருமாளுக்கே பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து ஒதுக்கியவர்கள், வீட்டில் இருக்கிற புருஷன் பெண்டாட்டிக்கு அப்படி எதையும் ஒதுக்கவில்லை. எங்கள் அடையவளஞ்சான் தெரு வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். வழிப்போக்கன் உட்காரத் திண்ணை இருக்கிறது. சாமிக்கு அறை இருக்கிறது, நெல்லுக்குக் குதிர் இருந்தது, மாட்டுக்குக் கொல்லை இருந்தது. கல்யாணமான புதிதில் எங்களுக்குக் கொடுத்த உள்ளறை, பிறகு பிள்ளை பெற வந்த நாத்தனாருக்கும், படுத்த படுக்கையான மாமனாருக்கும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் என்று போய்விட்டது. யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அத்தனை பேருக்கும் அந்த அறை தேவையாக இருந்தது. எங்களுக்கும் தேவை என்று கேட்க எங்களுக்கே தோன்றவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

திரும்பி வந்ததும் உறவில் ஒருவர், "அந்தக் காசுக்குக் காசிக்கே போயிட்டு வந்திருக்கலாமே" என்றார். செலவு அதிகம்தான், மறுக்கவில்லை. அவ்வளவு பெரிய கப்பல் எரிக்கும் எண்ணெயும் கொஞ்சமில்லை. மீன்பிடித் துறைமுகம் ஒன்றின் பக்கம் வாழ்கிறவர்கள் அதைப் பற்றிக் கேள்வி கேட்டால் நான் தலைகுனிந்து கேட்டுக்கொள்வேன். என்னை அதைவிட உறுத்தியது வேறு ஒன்று. எங்கள் அறையைச் சுத்தம் செய்ய வந்த பையன் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். தமிழ் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் பல மாதம் இருக்கிறதாம். மனைவி ஊரில், கைக்குழந்தையோடு. "துறைமுகம் வந்ததும் சிக்னல் கிடைக்கும்மா, வீடியோவுல பாத்துக்குவேன்" என்றான். எங்களுக்கு நிம்மதியாக இருந்த அதே சிக்னல் இல்லாத கடல், அவனுக்குக் குழந்தை முகம் தெரியாத கடல். உலகம் முழுக்க இந்த மாதிரிக் கப்பல்களில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு தடவை ஏறினால் மாதக்கணக்கில் இறங்குவதில்லை. ஜோடிகள் சேர்ந்திருக்கும் கப்பலை ஓட்டுகிறவர்கள் வீட்டில் ஜோடிகள் பிரிந்திருக்கிறார்கள். என் பாட்டியின் ரஜூலா இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பையனிடம் மனைவிக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். தயங்காமல் பதில் சொன்னான்: கடலை மிட்டாய், கோவில்பட்டியில் வாங்கியது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

அதனால் கப்பலில் போங்கள் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். நீச்சல் குளமும் ஆட்டம்பாட்டமும் எங்களுக்கு நினைவில்கூட இல்லை. கப்பல் கொடுத்தது ஒன்றுதான்: யாரும் எங்களைக் கூப்பிட முடியாது, எங்களாலும் எழுந்து போக முடியாது. அது கொல்லிமலையில் கிடைக்கலாம், முக்கொம்பில் ஒரு மரத்தடியில் கிடைக்கலாம். ஆனால் கரையில் அது தானாகக் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெங்களூரில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் எதிரெதிரே கணினி வைத்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களுக்கு ஷிஃப்ட் வேறு வேறு; அவர்களுக்கு ஷிஃப்ட் முடிவதே இல்லை. அவளுக்காவது அறுபதுவரை காத்திருக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய வாழ்க்கையில் அதற்கு எந்த நாள், எந்த இடம் என்று என்னால் சொல்ல முடியாது, அவர்கள்தான் குறித்துக்கொள்ளவேண்டும்.

நாங்கள் குறித்துக்கொண்டது வியாழக்கிழமை சாயங்காலம். பஞ்சக்கரைப் பக்கம் கொள்ளிடக் கரையில் போய் உட்காருகிறோம். போனை வீட்டிலேயே வைத்துவிடுவது அவருடைய ஏற்பாடு. சில வாரம் பேச்சு ஓடுகிறது, சில வாரம் ஓடுவதில்லை. பதவி உயர்வு விஷயம் இன்னொரு தடவையும் வந்தது. இந்த முறை அவரே ஆரம்பித்தார். முதல் வாரங்களில் எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை, அத்தை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று. எண்பது தாண்டியவர். அவரிடம் கேட்டுத்தான் போகிறோம்.

போன வியாழக்கிழமை சீக்கிரமே திரும்பிவிட்டோம். வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் அத்தை என் போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "அவளா? அவளும் அவனும் ஊர்ல இல்லம்மா. எட்டு மணிக்கு மேல கூப்பிடு."